தேக்சாவிலிருந்து செல்லுக்குள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆட்டோஃபேஜி பற்றி எழுதியிருந்தோம். பழுதான பாகங்களைச் செல் இரட்டைச் சவ்வுப் பைக்குள் அடைத்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு சேர்த்துச் செரித்துவிடும் ஏற்பாடு அது. அதற்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவு வழியாக வந்து செல்லுக்குள் புகும் பாக்டீரியாவையும் செல் இதே வழியில் பிடிக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

செல்லுக்குள் எத்தனையோ பொருள்கள் மிதக்கின்றன. அவற்றில் இது பாக்டீரியா, இதைப் பிடி என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? வகுப்பில் மாணவர்கள் கேட்கிறார்கள்.
— உயிரியல் ஆசிரியை, குடியாத்தம்

சால்மொனெல்லாவை வைத்துச் சொல்லுங்கள், எளிதாகப் பிடிபடும். குடல் சுவர்ச் செல்லைத் தொட்டதும் அது ஊசி போன்ற ஓர் அமைப்பால் சோப்-இ, சோப்-பி முதலான புரதங்களைச் செல்லுக்குள் ஏற்றுகிறது. அவை செல்லுக்கு எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளை மாற்றி அடுக்க, செல் சவ்வு மடிப்பு மடிப்பாக எழும்பி பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல் தானாக விழுங்குவதில்லை, விழுங்க வைக்கப்படுகிறது. உள்ளே போன பாக்டீரியா ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கும். பெரும்பாலானவை அங்கேயே தங்கி, இரண்டாவது ஊசித் தொகுதியை இயக்கி, அந்தப் பையைத் தங்கள் பெருக்கத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும்.

சில பைகள் கிழியும். அந்தக் கிழிசல்தான் செல்லுக்குக் கிடைக்கும் முதல் துப்பு. செல் சவ்வின் சர்க்கரைச் சங்கிலிகள் எப்போதும் வெளிப்புறம் பார்த்தே இருப்பவை. சவ்வு மடிந்து பையாகும்போது அவை பையின் உட்புறம் போய்விடும். பை கிழிந்ததும், சட்டை கிழிந்து உள்தையல் தெரிவதுபோல, அந்தச் சர்க்கரைகள் சைட்டோபிளாசத்தின், அதாவது செல்லின் உள்நீர்மத்தின் பக்கம் தெரிந்துவிடுகின்றன. காலெக்டின்-8 என்ற புரதம் அவற்றில் ஒட்டிக்கொண்டு என்.டி.பி.52 என்ற புரதத்தை வரவழைக்கிறது. இது 2012-இல் வெளியான கண்டுபிடிப்பு.

இரண்டாவது துப்பு யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதம். பையைவிட்டு வெளியே வந்த பாக்டீரியாவைச் சுற்றி செல் இதை அடர்த்தியாகப் பூசும். யுபிக்விட்டின் புரதத்தின்மேல்தான் ஒட்டும் என்று நாம் படித்திருப்போம். ஆர்.என்.எஃப்.213 என்ற நொதி பாக்டீரியாவின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருளின் மேலேயே அதை ஒட்டுகிறது என்று 2021-இல் தெரியவந்தது. பி62, ஆப்டினியூரின், என்.டி.பி.52 ஆகிய மூன்றும் ஒரு முனையில் யுபிக்விட்டினையும் மறுமுனையில் ஆட்டோஃபேஜிச் சவ்வில் ஒட்டியிருக்கும் எல்.சி.3 என்ற புரதத்தையும் பிடித்துக்கொள்ள, இரட்டைச் சவ்வு பாக்டீரியாவைச் சுற்றி வளர்ந்து மூடுகிறது.

மூன்றாவதாக ஒரு நேர்வழியும் உண்டு. கிழிந்த பையின் சவ்விலுள்ள புரோட்டான் பம்பு, அதாவது வி-ஏடிபேஸ், ஆட்டோஃபேஜிப் புரதமான ஏ.டி.ஜி.16எல்1-ஐத் தானே இழுக்கும். சால்மொனெல்லா அதற்கும் பதில் வைத்திருக்கிறது: சோப்-எஃப் என்ற புரதம் அந்தப் பம்பின் ஒரு துண்டில் ஏடிபி-ரைபோஸை (ADP-ribose) ஒட்டி இணைப்பை அறுத்துவிடும். ரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவின் முறை வேறு. அதன் உடல்மேல் இருக்கும் ஐ.சி.எஸ்.ஏ. புரதத்தை ஏ.டி.ஜி.5 அடையாளம் காணும், ஐ.சி.எஸ்.பி. என்ற இன்னொரு புரதம் அதன்மேல் போய் உட்கார்ந்து மறைத்துக்கொள்கிறது.

மாணவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: ஆட்டோஃபேஜி எப்போதும் செல்லின் கட்சி என்று எண்ணக் கூடாது. கிழிந்த சால்மொனெல்லாப் பையை ஆட்டோஃபேஜிப் புரதங்களே ஒட்டுப்போட்டு, பாக்டீரியாவுக்குச் சாதகமாக முடிவதும் உண்டு. காய்ச்சாத பாலில் வரும் புருசெல்லா என்ற பாக்டீரியா, யு.எல்.கே.1, பெக்லின்-1 ஆகிய தொடக்கப் புரதங்களை எடுத்துக்கொண்டு அடுத்த செல்லுக்குப் பரவுகிறது. ‘ஆட்டோஃபேஜி பாக்டீரியாவை அழிக்கும்’ என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு எழுதலாம். அதற்கு மேல் பேசினால், எந்தக் கிருமி, செல்லுக்குள் எந்த இடத்தில், எத்தனையாவது மணி நேரத்தில் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும்.

விருந்துக்கு 20 கிலோ அரிசித் தேக்சாவில் பிரியாணி போடுகிறோம். மீந்ததை மறுநாள் நன்றாகச் சூடு பண்ணித்தான் கொடுப்போம். அப்படியும் வெயில் காலத்தில் சிலருக்கு வயிறு கெட்டுப்போகிறது. சூட்டில் கிருமி சாகாதா? நீங்கள் எழுதிய ஆட்டோஃபேஜி காப்பாற்றாதா?
— சமையல் ஒப்பந்தக்காரர், ஆம்பூர்

உங்கள் தேக்சாவில் வளர்கிற கிருமிகளில் முக்கியமானவை செல்லுக்குள் நுழைவதே இல்லை. அதனால் ஆட்டோஃபேஜி அவற்றைப் பிடிப்பதற்கும் வழியில்லை.

இறைச்சியிலுள்ள கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் ஸ்போர் (கெட்டி ஓடுள்ள உறக்க நிலை) வடிவில் தம் போடும் சூட்டையும் தாங்கும். அடுப்பு அணைந்து தேக்சா ஆறத் தொடங்கியதும் அது முளைக்கும். 43 முதல் 47 டிகிரி வரை அதற்கு உகந்த சூடு. அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகும். மேலே தொட்டுப் பார்த்தால் ஆறியதுபோல் இருக்கும் பெரிய தேக்சாவின் நடுப்பகுதி, மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே நிற்கும். சாப்பிட்டபின் குடலில் நஞ்சை வெளியிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் பேதியாக்கும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் மோசம். வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு உணவிலேயே உருவாகிவிடும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. மறுநாள் நீங்கள் சூடு பண்ணும்போது கிருமி சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். புண்ணுள்ள கையிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சும் இதே ரகம்.

செல்லுக்குள் புகுவது சால்மொனெல்லா. அது கோழியில் வரும். துண்டின் நடுவில் 74 டிகிரி எட்டினால் செத்துவிடும். வெந்த பிரியாணியில் அது தப்புவது அரிது. ஆனால் பச்சைக் கோழி வெட்டிய அதே பலகையில் வெங்காயம் நறுக்கித் தயிர்ப் பச்சடி போட்டால், அந்தப் பச்சடி அடுப்பே ஏறாது. பலகையும் கத்தியும் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்திலுள்ள பாத்திரங்களுக்கெல்லாம் கிருமியைக் கொண்டுபோகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

யாருக்காவது வயிறு கெட்டால் முதலில் நேரத்தைக் கேளுங்கள். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் நஞ்சு. அரை நாளுக்குமேல் கழித்துக் காய்ச்சலோடு பேதி என்றால் சால்மொனெல்லா போன்ற, செல்லுக்குள் புகும் கிருமிகளைச் சந்தேகிக்கலாம். காய்ச்சலும் ரத்தமும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இனி ஆறவைப்பது. ‘நன்றாக ஆறியபின் ஃப்ரிட்ஜில் வை’ என்ற பழக்கம் வேலூர் மே மாதத்துக்குப் பொருந்தாது. 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் உணவு எதற்குள் ஆறும்? 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்திலும் இறங்க வேண்டும் என்பது கணக்கு. தேக்சாவோடு விட்டால் ஒரு நாளும் நடக்காது. அகலமான தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குமேல் போகாமல் பரப்பி, அடியில் ஐஸ் தண்ணீர் வைத்து, மேலே மின்விசிறி போட்டு, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டிக்குள் தள்ளுங்கள். பரிமாறக் காத்திருக்கும் தேக்சா 60 டிகிரிக்குக் கீழே போகாமல் தணலிலேயே இருக்கட்டும். வெளிச் சூடு 32 டிகிரிக்குமேல் இருக்கும் நாளில் பரிமாறிய உணவு வெளியே இருக்கலாம் என்பது ஒரு மணி நேரம் மட்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கையால் தொட்டு 60-ஐயும் 50-ஐயும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

உண்மையைச் சொன்னால், மீந்த பிரியாணியை மறுநாள் விற்காமல் இருப்பதுதான் எங்கள் யோசனை.

டைபாய்டு நோயாளி ஒருவரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஜென்டாமைசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்பதுபோல், மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் நன்றாக விழுந்திருந்தது. டாக்டரோ அதைக் கொடுக்காமல் அசித்ரோமைசின் எழுதினார். ஏன்?
— மருந்துக்கடைக்காரர், ராணிப்பேட்டை

டாக்டர் எழுதியது சரி. கல்ச்சர் தட்டில் பாக்டீரியா வெட்டவெளியில் இருக்கிறது. மருந்து நேராகப் போய்ச் சேரும். உடம்பில், சால்மொனெல்லா வகையைச் சேர்ந்த டைபாய்டுக் கிருமி, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் பையில் உட்கார்ந்திருக்கும். ஜென்டாமைசின் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போவது மிகக் குறைவு. போனதும் அமிலம் நிறைந்த பையில் வலுவிழக்கும். அதனால்தான் சால்மொனெல்லா, ஷிகெல்லா இரண்டுக்கும் இந்த வகை மருந்துகளுக்கு ‘கட்டுப்படும்’ என்று ரிப்போர்ட் எழுதக் கூடாது என்பதே ஆய்வக விதி. அசித்ரோமைசின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகச் செல்லுக்குள் சேரும்.

உங்கள் கடைக்கு வருபவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லலாம். சரியான மருந்து தொடங்கினாலும் டைபாய்டுக் காய்ச்சல் இறங்க ஐந்து நாள் வரை ஆகும். மூன்றாம் நாளே மருந்தை மாற்றிக் கேட்க வேண்டாம். அடுத்தது, ரத்தக் கல்ச்சர் எடுப்பதாக இருந்தால் முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை, ஏனென்றால் டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஓடும் கிருமி மிகச் சொற்பம். ரத்தத்தில் டைபாய்டு எதிர்ப்புரதத்தைப் பார்க்கும் ஒரே ஒரு விடால் டெஸ்ட்டை நம்பி முடிவு கட்டுவது நம் பக்கம் இன்னும் போகவில்லை. பழைய தொற்றும் தடுப்பூசியும்கூட அதில் பாசிட்டிவ் காட்டும்.

16 மணி நேரம் பட்டினி இருந்தால் ஆட்டோஃபேஜி கூடுமாமே. வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போட்டுக் கிருமியை விரட்டலாமா?
— சத்துவாச்சாரி, வேலூர்

கூடாது. பட்டினியில் எம்-டார் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அடங்கி, செல் பொதுவாகத் தன் பொருள்களைச் செரிக்கத் தொடங்குவது உண்மை. பாக்டீரியாவைப் பிடிப்பது அந்தப் பொதுச் செரிப்பல்ல. கிழிந்த பை, யுபிக்விட்டின் என்ற குறிப்பிட்ட அடையாளங்கள் வேண்டும். சால்மொனெல்லா நுழைந்து சவ்வைச் சேதப்படுத்தும்போதே அந்தச் செல்லுக்குள் அமினோ அமிலப் பஞ்சம் வந்து எம்-டார் அடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் எம்-டார் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் பிடி தளர்கிறது. நீங்கள் மேலே பட்டினி கிடந்து அங்கே சேர்க்கப்போவது எதுவுமில்லை.

பேதியில் கொல்வது நீரிழப்பு. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஒன்றுக்குக் காய்ச்சி ஆறிய நீர் சரியாக ஒரு லிட்டர். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போய்க் குழந்தைக்கு ஆபத்து. கலக்கியது 24 மணி நேரம்தான். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்: இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் போகட்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் தொடரட்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் துத்தநாகம் நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை.

மஞ்சள் ஆட்டோஃபேஜியைத் தூண்டும், ஆகவே வயிற்றுக் கிருமிக்கு நல்லது என்று குர்குமின் மாத்திரை விற்கிறார்கள்...
— திருப்பத்தூர்

குழம்பில் போடும் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். மாத்திரை விஷயத்தில் ஒரு தகவல்: பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், குர்குமின் கொடுத்த எலிகளில் சால்மொனெல்லாத் தொற்று கூடியது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் விற்கிறவர் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு அது.

முதுநிலைத் திட்டப்பணிக்காக ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்) சால்மொனெல்லாவைத் தொற்றவைத்து எல்.சி.3 வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பார்க்கிறேன். எல்.சி.3-II பட்டை தடித்தது. ‘ஆட்டோஃபேஜி கூடியது’ என்று எழுதலாமா? தவிர, உள்ளே நுழைந்த பாக்டீரியாவின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது.
— நுண்ணுயிரியல் மாணவி, காட்பாடி

முதல் கேள்விக்கு: எழுதக் கூடாது. எல்.சி.3-I சவ்வில் ஒட்டாதது, II சவ்வில் ஒட்டியது. எல்.சி.3-II தடிப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பைகள் நிறைய உருவாகலாம். அல்லது உருவான பைகள் லைசோசோமில் செரியாமல் தேங்கலாம். பட்டையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. வளர்ப்புத் தட்டில் நான்கு கிணறுகள் (குழிகள்) வேண்டும்: தொற்றாதது, தொற்றியது, இரண்டிலும் லைசோசோம் செரிப்பை நிறுத்தும் பாஃபிலோமைசின் ஏ1 சேர்த்தது ஒன்றும் சேர்க்காதது ஒன்றும். அளவு 100 நானோமோலார், அறுவடைக்கு முந்தைய கடைசி 2 மணி நேரம். பாஃபிலோமைசின் சேர்த்ததும் தொற்றிய கிணற்றில் பட்டை இன்னும் தடித்தால், பை உருவாகிச் செரியும் ஓட்டம் நடக்கிறது. சேர்த்தும் மாறவில்லை என்றால் முன்பே அடைப்பு இருக்கிறது. பாக்டீரியா நுழைவதற்கு முன்பே இதை ஊற்றிவிடாதீர்கள். இது வி-ஏடிபேஸையே நிறுத்துவது. மேலே ஆசிரியைக்குச் சொன்ன ஏ.டி.ஜி.16எல்1 அழைப்பும் சேர்ந்து நின்றுபோய், நீங்கள் அளக்க வந்ததே காணாமல் போகும்.

பிளாட்டில் வழக்கமாகக் கெடும் இடங்கள்: எல்.சி.3-II 14 கிலோடால்டன் அருகே ஓடும் சிறு புரதம், ஆகவே 15 சதவீத ஜெல், 0.2 மைக்ரான் துளையுள்ள பி.வி.டி.எஃப். சவ்வு. 0.45 மைக்ரானில் புரதம் சவ்வைத் தாண்டிப் போய்விடும். லைசேட்டை உறையவைத்து உருக்கி மறுபடி உறையவைத்தால் எல்.சி.3-I சிதையும், I-க்கும் II-க்கும் விகிதம் போட்டால் அந்தச் சிதைவையே அளந்தவராவீர்கள். II-ஐ ஆக்டினோடு ஒப்பிடுங்கள்.

அப்போதும் பிளாட் மொத்தச் செல்களின் சராசரியைத்தான் சொல்லும். தொற்றியது சில செல்கள், அவற்றிலும் சில பாக்டீரியாக்கள்தான் எல்.சி.3 பூசிக்கொள்ளும். நுண்ணோக்கியில் குறைந்தது 100 பாக்டீரியாவை எண்ணி, எத்தனையில் எல்.சி.3 சுற்றியிருக்கிறது என்று மூன்று தனித்தனிச் சோதனைகளில் காட்டுங்கள். நுழைந்து ஒரு மணி நேரம் வாக்கில் இது உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும். 6 மணி நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுபவர்கள் உண்டு. எல்.சி.3 ஒற்றைச் சவ்விலும் ஒட்டும் என்பது அடுத்த சிக்கல். ஆட்டோஃபேஜி தொடங்கத் தேவையான எஃப்.ஐ.பி.200 புரதம் நீக்கிய செல் கிடைத்தால் அதிலும் பாருங்கள்: அங்கும் பூச்சு வந்தால் அது வழக்கமான ஆட்டோஃபேஜியால் வந்ததல்ல.

எண்ணிக்கை மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாவின் வயது. இரவு முழுக்க வளர்த்ததை அப்படியே ஊற்றினால் நுழைவு ஊசி பலவற்றில் இயங்கியிருக்காது. இரவுக் கல்ச்சரில் 300 மைக்ரோலிட்டர் எடுத்து 10 மில்லி புதிய எல்.பி. நீர்மத்தில் விட்டு, 37 டிகிரியில் குலுக்கி, மூன்றரை மணி நேரத்தில் எடுங்கள். அந்த மூன்றரை ஒவ்வொரு முறையும் மூன்றரையாகவே இருக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் நாலரை ஆகிவிடும். செல் வளர்ப்பு நீர்மத்தில் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் இருந்தால் முந்தைய நாளே மாற்றிவிடுங்கள். ஒரு செல்லுக்கு 50 முதல் 100 பாக்டீரியா. 10 நிமிடம் விட்டு மூன்று முறை கழுவி, 20 நிமிடம் கழித்து, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஒரு மணி நேரம். வெளியே இருப்பவை செத்து, உள்ளே இருப்பவை தப்பும். ராணிப்பேட்டை மருந்துக்கடைக்காரர் கேட்டதும் இதே குணம்தான்; அங்கே குறை, இங்கே கருவி. அதன்பின் 10 மைக்ரோகிராமுக்கு இறக்குங்கள். 100-லேயே மணிக்கணக்கில் விட்டால் மெல்ல உள்ளேயும் கசிந்து எண்ணிக்கையைக் குறைக்கும். கழுவி, 1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100-இல் 10 நிமிடம் செல்லை உடைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்துத் தட்டில் பரப்புங்கள். 30-க்கும் 300-க்கும் இடையே பாக்டீரியாக் காலனிகள் உள்ள தட்டைத்தான் எண்ண வேண்டும்.

பையில் உள்ளவை எத்தனை, பையைக் கிழித்து வெளியே வந்தவை எத்தனை என்று பிரிக்க, இணைக் கிணறுகளில் கடைசி ஒரு மணி நேரம் ஜென்டாமைசினோடு 400 மைக்ரோமோலார் குளோரோகுயின் சேருங்கள். அது அமிலப் பையில் குவிந்து அங்குள்ள பாக்டீரியாவைக் கொல்லும். சைட்டோபிளாசத்தில் இருப்பவை பிழைக்கும். உங்கள் தலைப்புக்கு இந்த எண்தான் பிளாட்டைவிடப் பெறுமதியானது. எல்லாம் உயிரிப் பாதுகாப்பு நிலை 2 அறையில், மூடிய அலமாரிக்குள்.

ஐந்து மாத கர்ப்பம். ஃப்ரிட்ஜில் வைத்ததைச் சாப்பிடாதே என்று மாமியார் சொல்கிறார். இது பழைய காலத்துப் பேச்சா?
— ஆற்காடு

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரியிலும் மெல்ல வளரும். செல்லுக்குள் புகுந்ததும் லிஸ்டீரியோலைசின் என்ற நஞ்சால் பையைத் துளைத்து வெளியே வந்து, ஆக்ட்-ஏ என்ற புரதத்தால் செல்லின் ஆக்டினையே தன்மேல் போர்த்திக்கொள்ளும். யுபிக்விட்டின் ஒட்ட இடமில்லாததால் ஆட்டோஃபேஜி அதைத் தவறவிடுகிறது. அதே ஆக்டினின் உந்துதலில் பக்கத்துச் செல்லுக்கும், நஞ்சுக்கொடிக்கும் போகிறது. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்புவலியோடு முடியலாம், குழந்தைக்கு அப்படியில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்த சாதம், குழம்பு எதுவானாலும் ஒரு நாளைக்குள், ஆவி பறக்கக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். பால் பாக்கெட்டானாலும் கறந்த பாலானாலும் பொங்கக் காய்ச்சுங்கள். கடையில் நறுக்கி வைத்த பழம், காய்ச்சாத பாலில் செய்த பனீர், சூடாக்காமல் சாப்பிடும் சாஸேஜ் வகைகள் வேண்டாம். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின் ஊசிகள் லிஸ்டீரியாவிடம் எடுபடாது, ஆம்பிசிலின்தான் எடுபடும்.

நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒமிப்ரசோல் போடுகிறேன். எனக்கு மட்டும் அடிக்கடி வயிறு கெடுகிறது. சம்பந்தம் உண்டா?
— பேரணாம்பட்டு

இருக்கலாம். இரைப்பை அமிலம்தான் முதல் தடுப்பு. அது குறைந்தவர்களுக்கு சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் தொற்று அதிகம் வருகிறது. வழக்கமாக அமிலத்தில் செத்துப்போகும் சிறு எண்ணிக்கைகூட உயிரோடு குடலைச் சேர்ந்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். எத்தனை வாரமாகப் போடுகிறீர்கள், இன்னும் தேவையா என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை பச்சை முட்டை, அரைவேக்காட்டுக் கோழி, ரோட்டோரச் சட்னி மூன்றையும் தள்ளி வையுங்கள்.